சலவைக்கூடத்துப் பரண்

அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ஒரு முழம் நீளம் இருக்கும். வான் நோக்கு என்று ஆரம்பித்து, தன்னார்வலர் என்று இழுத்து, கடைசியில் ஒரு எண்ணில் போய் முட்டிக்கொள்ளும். அதை முழுசாகச் சொல்ல ஊரில் யாருக்கும் பொறுமை இல்லை. நாலு மரக்கால், மேலே பலகைத் தளம், சுற்றி இடுப்பு உயரத்துக்குத் தடுப்பு, தலைக்கு மேல் தகரம். பார்த்தவுடனே பரண் என்றார்கள். சண்டை முடிந்து அதைப் பிரித்த நாள்வரை பரண்தான்.

முதலில் மணிக்கூண்டில்தான் வைப்பதாக இருந்தது. மணி அடிக்கிறபோது விமானச் சத்தம் எப்படி ஐயா கேட்கும் என்று யாரோ கேட்டதும் அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். அப்படித்தான் சலவைக்கூடத்து மொட்டை மாடி அகப்பட்டது. துணி காயப்போடும் இடம். படி உண்டு, காற்று உண்டு, ஆறு வரைக்கும் கண்ணை மறைக்க ஒன்றும் கிடையாது. தச்சர் வந்து கால்களை நட்டபோது, கொடிக்கயிறு கட்டத் தோதாக நாலு கம்பம் காசில்லாமல் வந்ததே என்று சந்தோஷப்பட்டவர் சலவைக்கூடத்துப் பெரியவர் ஒருவர்தான்.

அந்தச் சலவைக்கூடம் ஒரே குடும்பத்தின் பாடு. பெரியவர் பாய்லரைப் பார்த்துக்கொள்வார். அவர் மனைவி பெரியவள், இஸ்திரி மேசை. அவருடைய தம்பி சின்னவன், வண்டியில் போய் அழுக்குத் துணி எடுத்துவந்து வெளுப்பைக் கொண்டுபோய்க் கொடுப்பான். அவன் மனைவி சின்னவளுக்குக் குறி பார்க்கும் வேலை. ஆஸ்பத்திரி விரிப்பும் விடுதிப் போர்வையும் பள்ளிக்கூடத்து மேசைவிரிப்பும் ஒரே தொட்டியில் விழுந்து எழுந்து வருமே, அத்தனையும் பிரித்து அதன் அதன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மூலையில் மையால் போட்ட குறியைப் பார்த்து, யாருது, யாருது என்று வாய்க்குள் முனகிக்கொண்டே அவள் கை ஓடும். தூக்கத்தில்கூட யாருது என்று கேட்பாள் என்று சின்னவன் கேலி செய்வான்.

கேலி செய்ய இப்போது அவன் இல்லை. விமானப் படையில் சேர்ந்துவிட்டான். விமானத்தின் வால் பக்கத்துக் கண்ணாடிக் கூண்டில் துப்பாக்கியோடு உட்காரும் வேலை என்று மட்டும் தெரியும். போக வேண்டாம் என்று சின்னவள் ஒரு மாதம் அழுதாள். அவன் யார் பேச்சைக் கேட்பான் என்பது ஊருக்கே தெரியும். தாயில்லாத பிள்ளையாக நின்றவனைத் தோளில் போட்டு வளர்த்தவள் அண்ணிதான். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாசற்படி தாண்டியிருக்க மாட்டான். பெரியவளோ ஒன்றும் சொல்லாமல், வழிக்கு வேண்டுமே என்று ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுத்தாள். அந்த மூட்டையைக் கண்ணால் பார்த்த அன்றைக்கே சின்னவள் அடுப்பைத் தனியாக்கிக்கொண்டாள். பேச்சுவார்த்தையும் அன்றோடு நின்றது.

பேச்சு நின்றதே தவிர, வாய் நிற்கவில்லை. ஒரே கூரைக்குள் இரண்டு பெண்கள் பேசாமல் இருக்க முடியுமா? ஜாடைப் பேச்சுதான். பெரியவள் இஸ்திரிப் பெட்டியிடம் சொல்லுவாள்: “சில பேருக்குக் கஞ்சி போடுன்னா ஒரு குடம் ஊத்தத் தோணுது.” சின்னவள் குறி மை புட்டியிடம் பதில் சொல்லுவாள். நடுவில் மாட்டிக்கொண்ட பெரியவர், பாய்லர் சத்தத்தில் தனக்கு ஒன்றும் கேட்பதில்லை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதில் பாதி பொய்.

பரணுக்கு ஆள் எடுத்தபோது ஒரு முறைக்கு இருவர் என்றார்கள். ஒருவர் பார்க்க வேண்டும், ஒருவர் டெலிபோனில் சொல்ல வேண்டும். முடிவெட்டுகிறவர், தபால்காரரின் மகள், ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் என்று பலரும் முன்வந்தார்கள். பகல் நேரத்தில் கடையைப் போட்டுவிட்டு வர யாருக்கும் தோதுப்படவில்லை. மாடியிலேயே கிடக்கிற ஆள் நீங்கள் இருவரும்தானே என்று மதியத்திலிருந்து அந்தி வரையிலான முறையை ஓரகத்திகள் தலையில் கட்டிவிட்டார்கள். இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பதை அதிகாரியிடம் எப்படிச் சொல்வது? பெரியவர் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார்.

சின்னவள் முதல் தடவை ஏணியில் ஏறி மேலே நின்றபோது ஏணியைவிட்டுக் கையை எடுக்கவில்லை. உயரத்தைக் கண்டு இல்லை. பிறந்ததிலிருந்து தலைக்கு மேலே இருக்கிற ஆகாயம்தான். துணி காயுமா காயாதா என்று பார்க்க மட்டுமே அவள் அண்ணாந்திருக்கிறாள். இப்போது நாலு பக்கமும் தடுப்புக்கு மேலே அது ஒன்றுதான் இருந்தது. ஆறு ஒரு பக்கம் வளைந்து போயிற்று. அதற்கு அப்பால் குன்றும், குன்றின்மேல் சாக்குப் போட்டு மூடிய பீரங்கிகளும். குன்றுக்குப் பின்னால் விமானத்தளம். இவ்வளவையும் சேர்த்தாலும் ஆகாயத்தின் காலடிக்குக் காணாது. இவ்வளவு பெரிய இடத்தில் ஒரு மனுஷனை எங்கே என்று தேடுவது என்று நினைத்தாள்.

வேலை என்னவோ சுலபமானதுதான். தடுப்பில் ஒரு அட்டை தொங்கும். அதில் விமானங்களின் கறுப்பு உருவங்கள். வால் பக்கத்தில் இரண்டு பலகை நிமிர்ந்து நின்றால் நம்முடையது. ஒற்றைப் பலகை என்றால் எதிரியுடையது. டெலிபோனை எடுத்தால் தலைமையகத்தில் ஒரு ஆள் இருப்பான். எப்போதும் மூக்கடைத்த குரல். இரண்டு பெண்களும் அவனுக்கு மூக்கடைப்பு என்றே பெயர் வைத்துவிட்டார்கள், தனித்தனியாக. எந்தப் பக்கம், உயரமா தாழ்வா என்று விசாரித்துவிட்டுக் கடைசியில் அவன் கேட்கிற கேள்வி, “யாருது?” அதற்கு மூன்றே பதில். நம்மது, அவங்களது, தெரியல. வேறு எதுவும் பேசக் கூடாது. குன்றிலிருக்கும் பீரங்கிக்காரர்கள் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருப்பார்கள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருவரும் பார்த்தார்கள். பார்த்ததைச் சொல்வதில்தான் கூத்து. பைனாகுலர் பெரியவளிடம் இருந்தால், அவள் தடுப்புக் கட்டையைப் பார்த்து, “மேற்க ரெண்டு போவுது, ஒசரத்துல, நம்மது” என்பாள். கட்டை எப்படி டெலிபோனில் பேசும் என்கிற மாதிரி சின்னவள் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, ஏதோ தானாகவே தெரிந்துகொண்டதுபோல மூக்கடைப்பிடம் சொல்லுவாள். சில நாள், “அங்க நிக்கறவங்கள எத்தனைன்னு சரியா பாக்கச் சொல்லுங்க” என்று அவனிடமே முறையிடுவாள். பாவம், அவன் டெலிபோனுக்குள்ளிருந்து, “அம்மா, அவங்க உங்க பக்கத்துலதானே இருக்காங்க?” என்பான்.

நம் விமானங்கள் காலையில் கடல் பக்கம் போய் மாலையில் திரும்பும். முதல் நாள் அவை கூட்டமாகத் திரும்பியதைச் சின்னவள் சாகும்வரை மறக்கவில்லை. முதலில் சத்தம்கூட இல்லை. பலகைத் தளம் உள்ளங்காலில் லேசாக அதிர்ந்தது. டீக் குவளையில் வட்டம் வட்டமாக அலை எழும்பியது. அப்புறம்தான் மேகத்தின் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக, வரிசை கலையாமல், ஆகாயத்தையே இழுத்துக்கொண்டு வருவதுபோல வந்தன. அவ்வளவு இரும்பு எப்படி மேலே நிற்கிறது! அதற்குள் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பசிக்கும், தும்மல் வரும், அதில் ஒருவன் அவள் புருஷன் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எந்த விமானத்தில் அவன் இருக்கிறான் என்று தெரியாது. அதனால் எல்லா விமானமும் அவன்தான். கடிதம் எப்போதோ ஒன்று வரும், அதிலும் பாதியைக் கறுப்படித்திருப்பார்கள். பரண்தான் அவளுக்கு அவனைப் பற்றிய ஒரே செய்தி. பக்கத்தில் பெரியவளும் வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு இருவரும் கட்டையோடுகூடப் பேசவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்கள். காலையிலிருந்தே ஏதோ சோப்புத் தண்ணீர் விஷயமாக ஜாடை முற்றியிருந்தது. டெலிபோன் முறை சின்னவளுக்கு. வழக்கமான தகவல் சொல்ல ரிசீவரைக் காதில் வைத்துக் காத்திருந்தவள், அந்தப் பக்கம் இன்னும் ஆள் வரவில்லை என்று நினைத்து, தகரத்தைப் பார்த்து ஆரம்பித்தாள். பெரியவள் வடக்கே ஒரு ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்பது தெரிந்தால்தான் இது புரியும்.

“வடக்க இருந்து ஒண்ணு வந்துச்சு. பெருசு. சத்தம்னா அப்படி ஒரு சத்தம். நேரா நம்ம வீட்டுத் தலைமேலயே வந்துருச்சு. இந்த ஊரை அழிக்காம போவாது.”

மூக்கடைப்பு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். யாருது என்றுகூடக் கேட்கவில்லை. ஊர் முழுக்கச் சங்கு ஊதிவிட்டது.

சங்கு ஊதினால் வெள்ளைத் துணி வெளியே தெரியக் கூடாது என்பது உத்தரவு. பெரியவர் பாய்லரை விட்டு ஓடிவந்து, ஈரம் சொட்டும் ஆஸ்பத்திரி விரிப்புகளைக் கொடியிலிருந்து உருவி உருவிக் கீழே போட்டார். ஊரே பதுங்கு குழியில் போய் உட்கார்ந்தது. முடிவெட்டுகிறவர் பாதி முகம் சவரம் செய்த வாடிக்கையாளரையும் இழுத்துக்கொண்டு ஓடினாராம். ஒரு காக்காய்கூட வரவில்லை. கடைசியில் சேற்றில் புரண்ட விரிப்புகளை மறுபடியும் தொட்டியில் போட வேண்டியிருந்தது.

விசாரணைக்கு அதிகாரி வந்து பரணிலேயே நின்றார். சின்னவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஜாடைப் பேச்சை எந்த அதிகாரிக்கு விளக்குவது? அவள் வாயைத் திறப்பதற்குள் பெரியவள் முன்னால் வந்து, “நாந்தாங்க. நாரைக் கூட்டம் ஒண்ணு வந்துச்சு, என் கண்ணு ஏமாந்துருச்சு. அவ நான் சொன்னதத்தான் சொன்னா” என்றாள். இன்னொரு முறை தப்பாக ஒரு வார்த்தை வந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லி அதிகாரி இறங்கினார். பொய் என்றால் பெரியவளுக்கு ஆகாது; துணியில் கறை போகாவிட்டால் போகவில்லை என்று வாடிக்கையாளரிடமே சொல்லிவிடுகிறவள். எதற்காகச் சொன்னாள் என்று சின்னவளுக்கு விளங்கவில்லை. நன்றி சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. கட்டையிடம் நன்றி சொல்ல முடியாதே, விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த மாலை. இரண்டு நாள் தூறலுக்குப் பின் நல்ல காற்று. தேங்கிக் கிடந்த விரிப்புகள் எல்லாம் கொடியில் ஏறியிருந்தன. மாடியே தெரியாமல் ஒரே வெள்ளை. பைனாகுலர் சின்னவளிடம், டெலிபோன் பெரியவளிடம். விமானங்கள் திரும்பின. வரிசையில் ஒரு இடம் பல் விழுந்ததுபோலக் காலியாக இருந்தது. சின்னவள் அதைச் சொல்லவில்லை. பெரியவளும் கண்ணிருந்தால் பார்த்திருப்பாள். குன்றுக்குப் பின்னால் அவை ஒவ்வொன்றாக இறங்கி மறைந்தன. ஆகாயம் காலியாகியும் சின்னவள் பைனாகுலரை இறக்கவில்லை.

வெகுநேரம் கழித்துக் கடல் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. சரியான சத்தம் இல்லை. இருமி இருமி, நின்று, மறுபடி பிடித்துக்கொண்டு வந்தது. மேகத்துக்குக் கீழே ஒற்றை விமானம், ஒரு பக்கம் சாய்ந்து, தாழ்ந்து வந்தது. உடம்பெல்லாம் கரி. அடையாளம் ஒன்றும் தெரியவில்லை. வால் மட்டும் தெரிந்தது. அதில் ஒற்றைப் பலகைதான் நின்றது.

பெரியவள் தடுப்பில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். டெலிபோனில் மூக்கடைப்பு கத்துவது வெளியே கேட்டது. குன்றுக்காரர்கள் சாக்கை எடுத்துவிட்டார்கள், சொல்லுங்கம்மா, யாருது, யாருது என்றான். பெரியவளின் உதடு, அவங்களது என்று சொல்லப் பிரிந்துவிட்டது.

“அக்கா, சொல்லாத.”

எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. கட்டையிடமோ தகரத்திடமோ இல்லை, நேராக முகத்தைப் பார்த்துச் சொன்னாள். பெரியவள் ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“அது நம்மதுக்கா.”

“வால் ஒண்ணுதானேடி இருக்கு?”

“ஒண்ணு போயிருச்சு. அது இருந்த எடம் தெரியுது.”

பெரியவள் அவளை உற்றுப் பார்த்தாள். “உம் புருஷன் அதுல இருப்பானோன்னு சொல்றியா, கண்ணால பாத்துச் சொல்றியா? மேல இருக்கறது அவங்களதா இருந்தா, கீழ இந்த ஊரே இருக்கு.”

சின்னவளுக்கும் அந்தப் பயம்தான். ஆசை கண்ணை ஏமாற்றுமே. பைனாகுலரைக் கண்ணோடு அழுத்திக்கொண்டாள். விமானம் ஆற்று வளைவில் லேசாகத் திரும்பியது. புருஷனை மறந்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தொட்டியிலிருந்து எடுத்த துணியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். யாருது?

“ஓரம் தச்ச ஓரம் இல்லக்கா. கிழிஞ்ச ஓரம்.”

பெரியவள் ஒன்றே ஒன்று கேட்டாள். “பிசிறு தெரியுதா?”

“தெரியுது.”

பெரியவள் கையை எடுத்துவிட்டு டெலிபோனில், “நம்மது” என்றாள். அட்டைப்படி வாலில் எத்தனை என்று மூக்கடைப்பு கேட்டிருப்பான் போலிருக்கிறது. “அட்டைய எடுத்து அடுப்புல போடு தம்பி. நம்மதுன்னு சொல்றேன், எழுதிக்க” என்று சொல்லிவிட்டு ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குன்று சும்மா இருந்தது. சங்கும் ஊதவில்லை. விரிப்புகள் கொடியிலேயே ஆடிக்கொண்டிருந்தன. விமானம் நேராகச் சலவைக்கூடத்தைப் பார்த்து வந்தது. சுற்றிலும் இவ்வளவு ஊர் இருக்க, நூல் பிடித்த மாதிரி இந்த மாடியை நோக்கி ஏன் வருகிறது என்று இருவருக்கும் புரியவில்லை. ஓடவும் தோன்றவில்லை. தலைக்கு மேலே அது கடந்தபோது வெளிச்சம் போய்விட்டது. அதன் வயிறு முழுக்க ஆணி ஆணியாகத் தெரிந்தது. எண்ணெய் வழிந்திருந்தது. சின்ன வட்டக் கண்ணாடி ஒன்றில் யாருடையதோ உள்ளங்கை அப்பியிருந்தது. அது கிளப்பிய காற்றில் மாடியிலிருந்த அத்தனை விரிப்பும் ஒரே சமயத்தில் கொடியைவிட்டு மேலே எழும்பி, அதைத் தொட்டுவிடப் போவதுபோல நின்று, பிறகு மெல்லத் தணிந்தன. இப்படி ஒன்றை இனி எந்தப் பிறவியில் பார்ப்போம் என்று சின்னவள் நினைத்தாள். பயம், அழுகை, சந்தோஷம் எல்லாம் ஒன்றாக வந்து, கடைசியில் எதுவும் வெளியே வரவில்லை. பெரியவளின் கை தன் தோளில் இருப்பதை அப்புறம்தான் கவனித்தாள்.

குன்றுக்குப் பின்னால் அது இறங்கிய பிறகு வெடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. இருவரும் டெலிபோனையே பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அந்த டெலிபோன் தானாக மணி அடித்ததே இல்லை. அன்றைக்கு அடித்தது.

எல்லோரும் உயிரோடு இறங்கிவிட்டார்கள் என்றான் மூக்கடைப்பு. பெயர்களைக் கேட்டு வாங்கி வைத்திருந்தான், ஒவ்வொன்றாகப் படித்தான். சின்னவன் பெயரைச் சின்னவள் என்றைக்கோ அவனிடம் சொல்லியிருந்தாள். படித்து முடித்துவிட்டு, “உங்க ஆளு இதுல இல்லீங்கம்மா” என்றான். காலியாகத் தெரிந்த இடம் இந்த விமானத்தினுடையதுதானாம். அப்படியானால் அவன் முன்னமே இறங்கியவர்களோடு இறங்கியிருக்க வேண்டும். இருவருக்கும் அது உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

“நான் அவனப் போன்னு சொல்லலடி” என்றாள் பெரியவள் திடீரென்று. “வாயத் தொறந்தா அழுதுடுவேன், அப்புறம் அவன் போகமாட்டான், காலம் பூரா மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டுவான். அதான் ரொட்டியக் கட்டுனேன். அன்னிக்குப் பூரா கையில மாவு ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு, கழுவக்கூடத் தோணல.”

சின்னவள் டீக் குவளையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். ஆறிப் போயிருந்தது. பெரியவள் குடித்தாள். மறுநாள் அடுப்பு ஒன்றானது. பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை, அவருக்குத்தான் காது கேட்காதே.

சண்டை ஒருவழியாக ஓய்ந்தது. சின்னவன் இளைத்துக் கறுத்து வந்து சேர்ந்தான். கை கால் எல்லாம் சரியாக இருந்தது. காது மட்டும் இயந்திரச் சத்தத்தில் அடைத்துப் போயிருந்தது. உரக்கச் சொன்னால்தான் விழும். நேராக முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் ஜாடைப் பேச்சு அதோடு செல்லாக்காசாகிவிட்டது.

பரணைப் பிரிக்கத் தச்சர் வரப்போகிறார் என்று தெரிந்ததும், அதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றான். அவனும் இரண்டு பெண்களும் ஏறினார்கள். அவன் தடுப்பில் சாய்ந்து ஆகாயத்தைப் பார்க்கவே இல்லை. கீழே கொடியில் ஆடிய விரிப்புகளைத்தான் பார்த்தான். காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில் சொன்னான்.

“மேல இருந்து பாத்தா ஊரு தெரியாது. ஆறு தெரியும். அப்புறம் வெள்ளையா இத்துனூண்டு இந்த மாடி. கடலத் தாண்டி வந்து அதப் பாத்தாத்தான் எல்லாருக்கும் மூச்சே வரும். மொத நாளு நான், அது எங்க வீடுன்னு சொன்னேன். எறங்குனதும் கூட வந்த ஒருத்தன் மண்டையில தட்டுனான். எங்க வீடாம்ல, நம்ம வீடுன்னு சொல்லுடான்னான். அதுலேருந்து எல்லாருக்கும் நம்ம வீடுதான். வால் பிஞ்சு வந்தானுங்களே, அவனுங்ககூட இந்த வெள்ளையப் பாத்துக்கிட்டேதான் வந்தானுங்களாம். அது மட்டும் மறைஞ்சிருந்தா ஆத்துல விட்டுருப்போம்னு சொன்னானுங்க.”

சின்னவள் தடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கண் வலிக்க வலிக்க மேலே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை நாளும், மேலேயிருந்து அவர்கள் இங்கே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவள் குறி பார்த்து, பெரியவர் வெளுத்து, பெரியவள் கொடியில் இழுத்துப் போட்ட விரிப்புகளை.

பெரியவளுக்கு வேறு கவலை. “அப்ப கறையெல்லாம் தெரிஞ்சிருக்குமேடா?” என்றாள். அவனுக்குக் கேட்கவில்லை. அவள் அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, தெருவே அண்ணாந்து பார்க்கும்படி கத்திக் கேட்டாள்.

“இல்ல அண்ணி” என்றான் அவன். “வெள்ளை மட்டுந்தான் தெரிஞ்சுது.”